'எந்த வேலையும் செய்வேன்' என்று எழுதாதீர்கள்

திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 41. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உரித்தவர். அது மூடிய பிறகு, பேறுகால வீடுகளில் தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டிக் கொடுக்கும் வேலை இரண்டு வருஷம். அடுத்து திருவனந்தபுரத்தில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தார். மூன்று மாதத்தில் கையில் வாங்கிய பிள்ளையை எல்.கே.ஜி. சேரும்வரை வளர்த்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் குடும்பம் இப்போது மெல்பர்னில். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பிடித்துக்கொண்டால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. ஆறு மாதமாக வேலை தேடுகிறார். தெரிந்தவர்கள் கொடுத்த பதினொரு நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது: "குழந்தைகள் என்றால் எனக்கு உயிர். எந்த வேலையும் செய்வேன். சம்பளம் நீங்கள் பார்த்துக் கொடுங்கள்." இரண்டு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பேசிவிட்டு "சொல்லி அனுப்புகிறோம்" என்றவர்கள் அதோடு சரி.

இதற்கிடையில் மார்த்தாண்டத்தில் ஒருவர், குவைத்தில் பிள்ளை பார்க்கும் வேலை இருக்கிறது, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம், மொத்தம் 1,20,000 ரூபாய் என்றாராம். முன்பணம் 15,000 ரூபாயையும் பாஸ்போர்ட்டையும் இவர் கொடுத்துவிட்டார். திருவனந்தபுரத்து ஹோம் நர்சிங் ஏஜென்சி ஒன்று ரேஷன் கார்டின் அசலைக் கேட்கிறது. பத்தாம் வகுப்பும் இங்கிலீஷும் இல்லாததால்தான் வேலை கிடைக்கவில்லையா, வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கும்போது சர்டிபிகேட் எப்படி வாங்குவது, விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, வயதை 35 என்று போடலாமா என்பவை அவர் கேள்விகள்.

சகோதரி, விண்ணப்பத்தைப் பிறகு பார்ப்போம். பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கும் வேலையை நாளைக் காலையில் தொடங்குங்கள்.

குவைத் விஷயம்

பத்தாம் வகுப்பு தேறாததால் உங்கள் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.', அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று அச்சாகியிருக்கும். எடுத்துப் பாருங்கள் என்று சொல்ல முடியாதபடி அது இன்னொருவர் மேசையில் கிடக்கிறது. ஈ.சி.ஆர். உள்ளவர் குவைத், சவூதி, ஓமன், கத்தார், அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பெண் என்றால் 30 வயது ஆகியிருக்கவும் வேண்டும். உங்களுக்கு அதில் தடையில்லை. ஆனால் இந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் பெண்களை எடுப்பதை 2016-இல் மத்திய அரசு அரசு நிறுவனங்களின் கைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அது சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக். மார்த்தாண்டத்துக்காரர் இவற்றில் எதுவும் இல்லை.

விசிட் விசாவுக்குக் குடிபெயர்வு அனுமதி கிடைக்காது. "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பதன் பொருள், கையில் ஒப்பந்தம் இல்லாமல் போய் இறங்குவது என்பதுதான். குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கென்று 2015-இல் வந்த சட்டம் உண்டு. ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு, வருஷத்துக்கு 30 நாள் விடுப்பு என்கிறது அது. வீட்டு வேலைக்கான '20-ம் நம்பர்' விசாவில் போனவர் அதைக் காட்டிப் பேசலாம். விசிட் விசாவில் போய் வேலை செய்பவரோ அந்த நாட்டுக் கணக்கில் குற்றவாளி; சம்பளம் தரவில்லை என்று போலீசுக்குப் போனால் முதலில் பிடிபடுவது அவர்தான்.

1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் 'இ-மைக்ரேட்' அரசு இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளை அதில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். 1,20,000 என்ற தொகையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆகவே, வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை கிடையாது. "மீதிப் பணம் கட்டினால்தான் தருவேன்" என்றால் வாக்குவாதம் வேண்டாம், நேராகக் காவல் நிலையம் போய் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அங்கே இழுத்தடித்தால் நாகர்கோவிலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். 15,000 ரூபாய் கொடுத்ததற்கு ரசீது இல்லையென்றாலும் ஜி-பே பதிவு, அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், கூட வந்த ஆள் எல்லாமே சான்றுதான், எதையும் அழித்துவிடாதீர்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

உங்கள் செய்திக்கு ஏன் பதில் வரவில்லை

படிப்பு இல்லை, இங்கிலீஷ் இல்லை என்று உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்கள். கோளாறு அங்கே இல்லை. உங்கள் செய்தியைப் படித்த தாய்க்கு நீங்கள் பிள்ளை பார்த்தவர் என்பதே தெரியவில்லை. கைப்பிள்ளையை வேறொருவரிடம் விட்டுப் போக நினைப்பவள் மனத்தில் மூன்று கேள்விதான் ஓடும். என் பிள்ளை வயதில் பிள்ளை பார்த்திருக்கிறாளா? தனியாகப் பார்த்திருக்கிறாளா? யாரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்? "குழந்தை என்றால் உயிர்" என்பது மூன்றுக்கும் விடையாகாது. அதை எல்லோரும் எழுதுகிறார்கள்.

"எந்த வேலையும் செய்வேன்" என்பதைத் தாராளம் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். பொறுப்பான தாய்க்கு அது பயத்தைத் தரும். கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரருக்கு வாய்ப்பைத் தரும். முதல் வகை வீடு உங்களைக் கூப்பிடாது. இரண்டாம் வகை வீடு கூப்பிட்டு, பிள்ளையோடு பாத்திரம், துணி, மாமியாருக்குக் கால் பிடிப்பது வரை சேர்த்துவிடும். "சம்பளம் நீங்கள் பார்த்து" என்பதும் அதே ரகம். முன்பு என்ன வாங்கினீர்களோ, இப்போது விலைவாசிக்கு என்ன வேண்டுமோ, அதை ஒரு எண்ணாகச் சொல்லுங்கள். நாலு வருஷத்துக்கு முந்தைய சம்பளத்தில் இன்று தொடங்கினால் நீங்கள் கீழே இறங்குகிறீர்கள்.

கடிதத்தில் உள்ளதைக் கொண்டே ஒரு மாதிரி தருகிறேன். நேரமும் நாளும் உங்கள் உண்மைப்படி திருத்திக்கொள்ளுங்கள்.

"வணக்கம். என் பெயர் …. வயது 41. வீடு திருவட்டாறு பக்கம். பிள்ளை பார்க்கும் வேலை தேடுகிறேன். திருவனந்தபுரத்தில் ஒரே வீட்டில் ஒரு பிள்ளையை 3 மாதம் முதல் 4 வயது வரை பார்த்தேன். காலை 8 முதல் மாலை 6 வரை, வாரம் 6 நாள், பகலில் பெற்றோர் இல்லாமல் தனியாக. எடுத்துவைத்த தாய்ப்பால் கொடுப்பது, 6 மாதத்தில் கூழ் தொடங்கியது, குளிப்பாட்டுவது, உறங்கவைப்பது, கழிப்பறைப் பழக்கம், பிளே ஸ்கூல் கூட்டிப் போவது எல்லாம் என் பொறுப்பு. அதற்கு முன் 2 வருஷம் பேறுகால வீடுகளில் வேலை. குடும்பம் வெளிநாடு போனதால் வேலை முடிந்தது, அவர்களிடம் விசாரிக்கலாம். தமிழும் மலையாளமும் பேசுவேன். பிள்ளையின் துணி, பால் பாட்டில், உணவு நான் பார்ப்பேன். வீட்டுச் சமையல், துப்புரவு இல்லை. எதிர்பார்க்கும் சம்பளம் மாதம் …. 1-ம் தேதி முதல் வர முடியும்."

ஏன் வேலை விட்டது என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். சொல்லாவிட்டால் படிப்பவர் தானாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார். திருவனந்தபுரத்து வீட்டுக்கு அனுப்பும்போது இதோடு மலையாளத்தில் முக்கால் நிமிஷ வாய்ஸ் மெசேஜ் ஒன்றும் சேருங்கள். மலையாளம் எழுத வராது என்று வருந்தியிருக்கிறீர்கள், பேச்சு போதும். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி குடித்தது என்று நோட்டில் எண்ணில் குறிக்கத் தெரிந்தால் சரி.

இரண்டு பொருள் முதல் செய்தியில் போகக் கூடாது. ஒன்று, ஆதார் நகல். நேரில் பேசி முடிவான பிறகு, கடைசி 4 எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். மற்றது, நீங்கள் வளர்த்த பிள்ளையின் போட்டோ. பாசத்தில்தான் அனுப்புகிறோம். ஆனால் பார்க்கிற தாய்க்கு, நாளைக்கு என் பிள்ளையின் போட்டோவும் இப்படி ஊர் சுற்றும் என்றுதான் தோன்றும்.

சர்டிபிகேட்டுக்கு முத்திரையும் லெட்டர்பேடும் தேவையில்லை. மெல்பர்னில் இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, பிள்ளையின் வயது, வேலை நேரம், தனியாக விட்டுப் போனது, வேலை முடிந்த காரணம் என்று ஐந்து விவரத்தையும் நீங்களே சொல்லிக் கொடுங்கள். இல்லாவிட்டால் "மிகவும் நல்லவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர் நம்பரைப் பிறருக்குக் கொடுக்கலாமா என்று அனுமதி வாங்குவது முக்கியம். நம் நேரத்துக்கு அவர்கள் நாலரை முதல் ஐந்தரை மணி நேரம் முன்னே. "இந்திய நேரம் மதியம் 1 மணிக்குக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டால் அங்கே சாயங்காலமாக இருக்கும், போனை எடுப்பார்கள். உள்ளூரில் பேறுகாலம் பார்த்த வீடு ஒன்றின் நம்பரும் கையில் இருக்கட்டும்.

எந்த வீட்டைத் தேடுவது

கழக்கூட்டத்து டெக்னோபார்க் பக்கம் சம்பளம் கூடுதல் என்று கேள்விப்பட்டு அங்கேயே குறிவைக்கிறீர்கள். திருவட்டாற்றிலிருந்து தினமும் நகரத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய்வருவது ஆகிற காரியமில்லை. பாலராமபுரம் நெரிசலில் பஸ் எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாய் எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய வீட்டில் நீங்கள் ஒன்பதுக்குப் போய் நின்றால், எவ்வளவு நன்றாகப் பிள்ளை பார்த்தாலும் வேலை நிலைக்காது. அங்கேதான் வேண்டுமென்றால் தங்கிப் பார்க்கும் வேலையாகத் தேடுங்கள். தினமும் வந்துபோக நெய்யாற்றின்கரை வரையுள்ள வீடுகளே எல்லை. "குழித்துறையில் ரயில், தவறினால் இந்த பஸ்" என்று மாற்று வழியையும் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. குலசேகரத்திலும் ஆசாரிப்பள்ளத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஷிப்ட் வேலை பார்க்கும் டாக்டர், நர்ஸ் தாய்மாருக்குப் பிள்ளை பார்க்க ஆள் கிடைப்பது பெரும்பாடு. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பஸ் செலவும் மூன்று மணி நேரமும் மிச்சம். குழந்தை டாக்டர் கிளினிக், பிளே ஸ்கூல், பள்ளி ஆயாமார், கோயில் சர்ச் வட்டாரம், இவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

நேரில் போகும்போது

உங்களைக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு விட்டுவிட்ட வீட்டில் "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேட்டார்களாம். "துணி நனைத்துப் போட்டு, வீட்டில் இருக்கிற மருந்து கொடுப்பேன்" என்றீர்களாம். வேலை அங்கேதான் போனது. அவர்கள் எதிர்பார்த்த விடை இப்படி: தெர்மாமீட்டரில் பார்ப்பேன், நேரத்தோடு குறிப்பேன், உடனே உங்களைக் கூப்பிடுவேன், டாக்டர் எழுதிய அளவில் நீங்கள் சொன்ன மருந்தை மட்டும் கொடுப்பேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி வந்தாலே ஆஸ்பத்திரிதான், காத்திருக்க மாட்டேன்.

தொண்டையில் அடைத்தால்? ஒரு வயதுக்குள் என்றால் கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, பிறகு திருப்பி நெஞ்சின் நடுவில் 5 அழுத்தல், மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் தோண்டக் கூடாது. 108-க்கு அழைக்க வேண்டும். இதை வாயால் சொல்வதோடு, ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டுங்கள். செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவி வகுப்பு கிடைத்தால் சேருங்கள். உங்களிடம் இல்லாத பத்தாம் வகுப்புச் சான்றைவிட இந்த வேலைக்கு அந்தத் தாள் கனமானது.

விடாமல் அழுதால், பசி, ஈரம், வயிறு பார்த்துவிட்டு, கால்விரலில் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்றும் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். அனுபவம் உள்ளவர்தான் அதைச் சொல்வார். பொறுமை போகிற நேரத்தில் பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு இரண்டு நிமிஷம் தள்ளி நிற்பது தவறில்லை. ஒருபோதும் குலுக்கக் கூடாது. மூளையில் ரத்தம் கசியும்.

எடுத்துவைத்த தாய்ப்பால் வெளியே 4 மணி நேரம், பிரிட்ஜில் 4 நாள். வெந்நீரில் பாத்திரத்தை வைத்துத்தான் சூடாக்க வேண்டும், மைக்ரோவேவ் கூடாது. குடித்த மிச்சத்தை 2 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கிடையாது.

இங்கே ஒரு விஷயம், மனம் நோகாமல் கேளுங்கள். பேறுகால வீட்டு அனுபவம் உங்கள் பலம். ஆனால் அதில் பழகிய சில கைவேலைகள் இன்றைய வீட்டில் உங்களை வெளியே அனுப்பிவிடும். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, பிள்ளையின் மார்க்காம்பைப் பிழிவது, தொண்டையில் விரல்விட்டுச் சளி எடுப்பது, கண்ணுக்குள் மை, முகத்துக்கு நேரே சாம்பிராணிப் புகை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா ஆகும். பிழிந்த மார் சீழ் பிடிக்கும். "எண்ணெய் தேய்ப்பதும் குளிப்பாட்டுவதும் நன்றாக வரும், இவற்றை மட்டும் செய்ய மாட்டேன்" என்று அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொன்னால் மதிப்பு கூடும்.

உடல்நலச் சான்று ஒன்று அரசு மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளுங்கள். நகம் வெட்டி, வளையல், நீண்ட மாலை இல்லாமல் போங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியவை

பிள்ளைகள் எத்தனை, வேறு வேலை என்னென்ன, தாய் வர நேரமானால் கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, வார விடுமுறை எந்த நாள், அவர்கள் வெளியூர் போகும் வாரத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை எல்லோரும் மறப்பார்கள். ஓணத்துக்குப் பத்து நாள் போய்விட்டு அந்த நாளைக் கழிக்கும்போதுதான் நினைவு வரும். தங்கும் வேலையானால், படுக்கும் இடத்துக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, இரவில் பிள்ளை எழுந்தால் யார் பார்ப்பது என்பதும் சேரும். கேமரா ஹாலில் இருக்கலாம், தப்பில்லை. நீங்கள் உடை மாற்றும் இடத்தில் இருந்தால் அது குற்றம். பேசியதையெல்லாம் அன்றிரவே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அவர்களுக்கு அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள், அதுவே ஒப்பந்தம். முதல் மூன்று நாள் தாய் வீட்டில் இருக்கும்போது சோதனையாக வேலை பார்க்கலாம், சம்பளத்தோடு.

ஏஜென்சி அசலைப் பார்த்துச் சரிபார்க்கலாம், வைத்துக்கொள்ள அனுமதிக்காதீர்கள். நகலின் மேல் "வேலைப் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கொடுங்கள். கமிஷன் யார் கட்டுவது, ஒரு தடவையா மாதாமாதமா, சம்பளம் நேரே உங்கள் பேங்குக்கு வருமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத ஏஜென்சி வேண்டாம்.

வேலை தமிழ்நாட்டில் அமைந்தால், வீட்டுப் பணியாளர்கள் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 18 முதல் 60 வயது வரை சேரலாம், நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். வேலையிடத்தில் பாலியல் தொல்லை தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலைக்கும் பொருந்தும். வேலை செய்யும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். திருவனந்தபுரத்து வீடானால் அந்த மாவட்டக் குழு. அவசரத்துக்கு 181.

வயதை 35 என்று போடலாமா என்ற கேள்விக்கு: ஆதாரைக் காட்டும் நாளில் அது தெரிந்துவிடும், ஆறு வருஷத்தை மறைத்தவர் பிள்ளை விழுந்ததை மறைக்க மாட்டாரா என்று ஒரு தாய் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. 41 என்றே எழுதுங்கள். சொந்தப் பிள்ளைகள் வளர்ந்து, திடீரென்று லீவு போட வேண்டிய கட்டாயம் குறைந்த வயது அது. சில வீடுகள் தேடுவதே அந்த வயதில்தான்.